பல துறைகளில் தொடரும் கல்வி: மேல்மலையனூர், செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வழிகாட்டல்

பள்ளியும் கல்லூரியும் முடிந்த பின்னர், எந்த நிறுவனமும் கட்டாயப்படுத்தாத நிலையில், ஒருவர் தம் பிழைப்புத் தொழிலுக்குள்ளும் அதற்கு வெளியிலும் தாமே விரும்பி மேற்கொண்டு பல பத்தாண்டுகள் விடாமல் நடத்தும் கற்றலே இந்நூலில் வாழ்நாள் கல்வி எனப்படுகிறது. அத்தகைய கல்வி ஒரே துறைக்குள் அடங்காமல் தொழில் மாறும்போதெல்லாம் தானும் கிளைத்துச் செல்லுமானால், அதைப் பற்றித் தமிழ்ச் சமூகத்தில் எழும் முதல் ஐயம் மிகப் பழையது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்ற பழமொழி அந்த ஐயத்தையே சொல்கிறது. பார்த்த மரம் ஒவ்வொன்றையும் பார்த்ததோடு விட்டுச் செல்பவருக்கு அப்பழமொழி முழுதும் பொருந்தும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு துறையில் பழகிய முறையை அடுத்த துறைக்குள் எடுத்துச் செல்பவரும், ஒவ்வொரு துறையிலும் பிறர் எடுத்துப் பயன்படுத்தத்தக்க ஒன்றையாவது முடித்து வைப்பவரும் அந்த விதிக்கு வெளியே நிற்கின்றனர் என்பதற்குத் தமிழகத்திலேயே உறுதியான சான்றுகள் உள்ளன. அச்சான்றுகளைக் கொண்டு, மேல்மலையனூரிலோ செஞ்சியிலோ அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களிலோ வாழும் ஒருவர் இக்கல்வியை எவ்வாறு தொடங்கி நடத்தலாம் என்பதை இவ்வத்தியாயம் விளக்குகிறது.

வட்டாரமே பாடநூல்

மேல்மலையனூர் வெளியுலகுக்கு அங்காளபரமேசுவரி கோயிலாலும், மாசி மாதத்து மயானக்கொள்ளைத் திருவிழாவாலும், அமாவாசை இரவுகளில் நடைபெறும் ஊஞ்சல் உற்சவத்தாலும் அறிமுகமானது. அவ்வூரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் செஞ்சி உள்ளது. அங்கே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை இணைத்துக் கட்டப்பட்ட கோட்டை 1677இல் சிவாஜியின் கைக்கு வந்தது. அவருடைய மகன் ராஜாராம் அதில் தங்கியிருந்தபோது முகலாயப் படை பல ஆண்டுகள் முற்றுகையிட்டு 1698இல் அதனைக் கைப்பற்றியது. 2025 ஜூலையில் மராட்டியர் காலப் படைத்தலங்களாக யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது இது ஒன்றே. கோட்டையை மட்டும் பார்த்துத் திரும்பும் பயணிக்குத் தெரியாமல் போவது, அதைச் சுற்றியுள்ள பாறைகளிலும் குன்றுகளிலும் ஏறத்தாழ எல்லாக் காலங்களும் தடம் பதித்திருப்பதே. செத்தவரையில் பாறை ஓவியங்களும், தொண்டூரிலும் நெகனூர்பட்டியிலும் தமிழி எழுத்துகளும், திருநாதர்குன்றில் ஒரே பாறையில் செதுக்கப்பட்ட 24 தீர்த்தங்கரர் உருவங்களும், மண்டகப்பட்டிலும் தளவானூரிலும் பல்லவர் குடைவரைகளும், மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடமும், மேலச்சேரியில் திரௌபதி அம்மன் கோயிலும் இவ்வட்டாரத்தைச் சார்ந்தவை. குடைவரை என்பது கல்லை அடுக்கிக் கட்டாமல் பாறையையே குடைந்து அமைக்கும் கோயிலாகும்.

மண்டகப்பட்டுக் குடைவரையைச் செய்வித்த முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனே பல துறைக் கல்விக்கு இப்பகுதியில் கிடைக்கும் மிகப் பழைய எடுத்துக்காட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட அம்மன்னன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் பிரமனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் அக்கோயிலை அமைத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு தெரிவிக்கிறது. தன்னை அதில் அவன் விசித்திரசித்தன், அதாவது புதுமை நாடும் மனத்தன், என்று குறித்துக்கொள்கிறான். மத்தவிலாசப் பிரகசனம் என்ற அங்கத நாடகத்தின் ஆசிரியனும், சித்திரகாரப்புலி என்ற பட்டம் பூண்டவனும் அவனே. அரசனுக்குக் கிடைத்த ஓய்வும் செல்வமும் எல்லார்க்கும் கிடைப்பவையல்ல என்பதால் அவனை முன்மாதிரியாகக் கொள்வது கடினம். ஆகவே சம்பளத்துக்கு உழைத்த மனிதர்களிடம் திரும்புவதே பயனுடையது.

ஐராவதம் மகாதேவன்: அலுவலகத்திலிருந்து குகைக்கு

1930இல் பிறந்த ஐராவதம் மகாதேவன் கல்லூரியில் அறிவியலும் பின்னர்ச் சட்டமும் படித்து, 1954இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார். தொல்லியலிலோ தமிழிலக்கியத்திலோ அவர் பட்டம் பெற்றவர் அல்லர். 1960களின் தொடக்கத்தில், தமிழகத்து மலைக்குகைகளில் சமண முனிவரின் கற்படுக்கைகளுக்கு அருகே வெட்டப்பட்டிருந்த குறுங்கல்வெட்டுகளின் பக்கம் அவர் கவனம் சென்றது. அவற்றின் மொழி தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய அய்யர் 1924இலேயே எடுத்துக்காட்டியிருந்தும், அவ்வாய்வை முழுமையாகத் தொடர்ந்தவர் அநேகமாக இல்லை. வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் தூண்டுதலே மகாதேவனை அவ்வேலையில் இறக்கியது. அரசு அலுவலுக்கிடையே கிடைத்த நேரத்தைக் கொண்டு அவர் குகை குகையாகச் சென்று எழுத்துகளை நேரில் பார்த்துப் படித்தார். கரூருக்கு அருகே புகலூரில் உள்ள கல்வெட்டுகளில் இரும்பொறை மரபைச் சேர்ந்த மூன்று தலைமுறைச் சேரர்களின் பெயர்களை அவர் படித்தறிந்தபோது, சங்க இலக்கியம் குறிப்பிடும் மன்னர்களுக்குக் கல்லில் சான்று கிடைத்தது. அக்கல்வெட்டுகளின் தொகுப்பு ஒன்றை 1966இல் அவர் வெளியிட்டார்.

இவ்விடத்தில் கற்பவர் கூர்ந்து நோக்க வேண்டியது அவருடைய திறமையைவிட அவர் தேர்ந்த வேலையின் வடிவத்தையே. சங்ககாலத்தைப் பற்றிய பேருரை ஒன்றை எழுத அவர் முற்படவில்லை. எல்லாக் கல்வெட்டுகளையும் ஒரே முறையில் படித்து, எண்ணிட்டு, எழுத்தமைதியின்படி வரிசைப்படுத்தினார். எழுத்தமைதி என்பது எழுத்தின் வரிவடிவம் காலந்தோறும் மாறிவந்த முறையைக் கொண்டு கல்வெட்டின் காலத்தை மதிப்பிடும் கலை. வகைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் அறிவியல் படிப்பிலிருந்தும், ஒரு சான்று எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்று எடைபோடும் பழக்கம் சட்டப் படிப்பிலிருந்தும், கோப்பை முடித்துக் கையொப்பமிட்டு அடுத்தவருக்கு அனுப்பும் பழக்கம் ஆட்சிப் பணியிலிருந்தும் அவருக்குக் கைவந்திருக்க வேண்டும் என்று கருதுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. முந்தைய தொழில் எதுவும் வீணாகவில்லை.

அதே அணுகுமுறையை அவர் சிந்துவெளி எழுத்துக்கும் கொண்டு சென்றார். 1970இல் கிடைத்த ஜவாஹர்லால் நேரு ஆய்வுநல்கை அவ்வேலைக்கு நேரம் அளித்தது. அந்நாளில் அரியதாக இருந்த கணிப்பொறியின் துணையும் அவருக்குக் கிடைத்தது. 1977இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட அவருடைய நூல், சிந்துவெளி முத்திரைகளில் காணப்படும் குறிகளை 417 ஆக வகுத்து, ஒவ்வொன்றும் எந்த வரியில், எந்த இடத்தில், எந்தக் குறிக்கு முன்னும் பின்னும் வருகிறது என்று காட்டும் தொடரடைவாகும். ஒரு நூலிலோ எழுத்துத் தொகுதியிலோ உள்ள ஒவ்வொரு சொல்லும் குறியும் எங்கெங்கே வருகிறது என்பதைத் தேடியெடுக்கும்படி அடுக்கிய பட்டியலே தொடரடைவு எனப்படும். அவ்வெழுத்தின் பொருளைப் பற்றி அவரோடு முற்றிலும் மாறுபட்டவர்களும் அப்பட்டியலைப் பயன்படுத்தி வருகின்றனர் என்பதே அதன் சிறப்பு. பட்டியல் தயாரிப்பது மதிப்புக் குறைந்த வேலை என்று கருதும் இளம் ஆர்வலர்கள் பலர் உள்ளனர்; அக்கருத்து தவறானது. தாமாகக் கற்கும் ஒருவரின் உழைப்பில் நெடுங்காலம் நிலைப்பது பெரும்பாலும் நேர்மையான பட்டியலே.

1980இல் அவர் ஆட்சிப் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றார்; 1987 முதல் 1991 வரை தினமணி நாளிதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். அதாவது ஐம்பது வயதைக் கடந்த பின்னர் இதழியல் என்ற வேறொரு தொழிலைக் கற்றார். அதன்பின் மீண்டும் குகைகளுக்குத் திரும்பி, முன்பு படித்த கல்வெட்டுகளையெல்லாம் மறுபடியும் நேரில் ஆய்ந்து, 2003இல் தொடக்ககாலத் தமிழ்க் கல்வெட்டியல் பற்றிய பெருநூலை ஆர்வர்டு பல்கலைக்கழகக் கீழைநூல் வரிசையில் வெளியிட்டார். முதல் தூண்டுதலுக்கும் இந்நூலுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உள்ளன. இடையில் கல்வெட்டியலை அவர் கைவிட்டிருந்த காலங்களும் இருந்தன என்பது, தொடர்ச்சி அறுந்துவிட்டதே என்று வருந்தும் கற்பவர்களுக்கு ஆறுதலான செய்தி. குறிப்புகள் ஒழுங்காக இருக்குமானால் பத்தாண்டு இடைவெளிகூட ஒரு கல்வியை அழித்துவிடாது. 2009இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2018இல் மறைந்தார்.

வேறு மூவர்

மகாதேவனுக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் தென்காசிக்கு அருகே சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதரின் (1859–1919) கல்வி, இன்னும் வியப்பான திசைகளில் சென்றது. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியாசிரியராகத் தொடங்கிய அவர், சித்த மருத்துவம் கற்றுத் தஞ்சாவூரில் மருந்து செய்து விற்கும் தொழிலில் பெரும் வெற்றி கண்டார். மூலிகைக்காகத் தோட்டம் அமைத்தவர் வேளாண்மையில் தேர்ந்தார். நிழற்படக் கலையும் அச்சுத்தொழிலும் பழகினார். மருத்துவத்தில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு 1912இல் தஞ்சாவூரில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி இசை மாநாடுகளை நடத்தினார். 1916இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் ஆய்வை முன்வைத்தார். 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலை வெளியிட்டார். ஒரு தாயி, அதாவது ஓர் எட்டுச் சுர வரம்பு, 22 சுருதிகளாகப் பகுக்கப்படும் என்ற வழக்கமான கொள்கையை மறுத்து, பழந்தமிழ் நூல்களின் அடிப்படையில் 24 என்று அவர் வாதிட்டார். அவ்வாதத்தை ஏற்பதும் மறுப்பதும் இசையறிஞர்களின் வேலை. கற்பவருக்கு முதன்மையானது, ஒரு தொழிலின் வருமானம் மற்றொரு கல்வியின் செலவைத் தாங்குமாறு அவர் திட்டமிட்டு வாழ்ந்தார் என்பதே.

தியடோர் பாஸ்கரன் 1964இல் இந்திய அஞ்சல் துறைப் பணியில் சேர்ந்து, தமிழகத் தலைமை அஞ்சல்துறைத் தலைவராக ஓய்வு பெறும்வரை பணியாற்றினார். அப்பணிக்காலத்திலேயே தென்னிந்தியத் திரைப்பட வரலாற்றிலும் காட்டுயிரியலிலும் நூல்கள் எழுதி, இரண்டு துறைகளிலும் முன்னோடியாக மதிக்கப்படுகிறார். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்தவர். அவர் சேர்த்து வைத்த தமிழ் நூல்களும் இதழ்களுமே, 1992இல் அவர் மறைந்த பின்னர், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வளர்ந்தன. அந்நூலகத்தின் இயக்குநராகத் தியடோர் பாஸ்கரன் பணியாற்றியதும், அங்கேயே சிந்துவெளி ஆய்வு மையம் மகாதேவனின் முயற்சியால் 2007இல் அமைந்ததும், இத்தகையோர் ஒருவருடைய சேமிப்பை மற்றவர் பயன்படுத்தியே வளர்கின்றனர் என்பதைக் காட்டும்.

முதற்பாடம்: ஒரு வரிக் கல்வெட்டு

செஞ்சி வட்டாரத்தில் வாழ்பவர் எங்கே தொடங்கலாம் என்ற கேள்விக்கு நெகனூர்பட்டியை விடையாகச் சொல்லலாம். அவ்வூரில் அடுக்கன்கல் என்று வழங்கும் பாறைக்குகையில், கி.பி. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக மதிப்பிடப்படும் ஒரு தமிழிக் கல்வெட்டு உள்ளது. தமிழி அல்லது தமிழ்ப் பிராமி என்பது இன்றைய தமிழ் எழுத்துக்கும் வட்டெழுத்துக்கும் முற்பட்ட வரிவடிவம். பெரும்பொகழ் என்ற ஊரைச் சேர்ந்த சேக்கந்தியின் தாயான சேக்கந்தண்ணி என்ற பெண்மணி அப்பள்ளியைச் செய்வித்தார் என்பது அக்கல்வெட்டின் செய்தி. பள்ளி என்பது இங்குச் சமணத் துறவியரின் உறைவிடத்தைக் குறிக்கும். ஒரு வரியே ஆயினும் அதற்குள் ஊர்ப்பெயர் ஆய்வு, சமயவரலாறு, பெண்களின் சொத்துரிமை பற்றிய கேள்வி, மொழிவரலாறு என்ற நான்கு துறைகளின் வாசல்கள் திறக்கின்றன. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் தன் பெயரைப் பாறையில் பொறிக்கச் செய்த ஒரு பெண்ணின் ஊர்க்காரர்கள், அவ்வெழுத்தைத் தாமே படிக்கக் கற்றுக்கொள்வது இயன்ற செயலே.

தமிழி எழுத்தைக் கற்பதற்கு இலக்கணப் புலமை தேவையில்லை. உயிர்க்குறிகளையும் 18 மெய்களையும் நாள்தோறும் சிலவாகக் கையால் எழுதிப் பழகினாலே, ஓரிரு மாதங்களில் அச்சிட்ட வரைபடங்களைத் தடையின்றிப் படிக்க இயலும். வடபுலத்துப் பிராமியில் இல்லாத ழ, ள, ற, ன ஆகிய நான்கு எழுத்துகளைத் தமிழி தனக்கென அமைத்துக்கொண்டது என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். தொடக்கநிலைக் கல்வெட்டுகளில் துணைக்கோடு இல்லாத எழுத்தை மெய்யாகவும், துணைக்கோடு உள்ளதை இடத்துக்கேற்ப அகரமாகவோ ஆகாரமாகவோ படிக்க வேண்டும். பிற்காலத்தில் மெய்யின்மேல் புள்ளி இடும் வழக்கம் இக்குழப்பத்தை நீக்கியது. தொல்காப்பியம் கூறும் புள்ளி எதற்காகத் தேவைப்பட்டது என்பது இப்பயிற்சிக்குப் பின்னரே முழுதாக விளங்கும். பள்ளியில் மனப்பாடம் செய்த விதி இவ்வாறு பொருள் பெறும் தருணம், நடுவயதில் கற்பவருக்கு மட்டுமே வாய்க்கும் இன்பம் எனலாம். அடுத்து திருநாதர்குன்றுக்குச் சென்றால், சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் குறிக்கும் கல்வெட்டில், தமிழி வட்டெழுத்தாக மாறிவரும் நிலையைக் கண்ணால் காணலாம்.

குன்றுகளுக்குச் செல்லும்போது பின்பற்ற வேண்டியவை சில உண்டு. எழுத்துகள் பளிச்சென்று தெரிவதற்காகச் சுண்ணக்கட்டி தேய்ப்பதும், எண்ணெய் பூசுவதும், நீர் ஊற்றித் தேய்ப்பதும் பாறைக்குக் கேடு செய்வன. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும் வேளையில் வெறுங்கண்ணுக்கே எழுத்து தெளிவாகப் புலப்படும். ஈரத்தாளை எழுத்தின்மேல் ஒற்றி மையிட்டு எடுக்கும் மைப்படியைத் தொல்லியல் துறையின் ஒப்புதல் இன்றி எடுக்கலாகாது. இவ்வட்டாரத்துச் சமணத் தலங்கள் இன்றும் வழிபாட்டில் உள்ளவை. நயினார் என்று அழைக்கப்படும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல ஊர்களில் வாழ்வதால், அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லி, காலணியைக் கழற்றிவிட்டுச் செல்வதே முறை. மலைத்தேனீக் கூடுகள் பாறை இடுக்குகளில் இருக்கும் என்பதால் தனியாகச் செல்வதும், புகைப்பதும், கூச்சலிடுவதும் கூடாது.

இரண்டாம் பாடம்: கைத்தொழிலிலிருந்து கோட்டைக்கு

எழுத்தில் நாட்டமில்லாதவர் தம் தொழிலிலிருந்தே தொடங்கலாம். செஞ்சிக் கோட்டைக்குள் செட்டிகுளம், சக்கரகுளம் என்ற நீர்நிலைகளும், கல்யாண மகாலுக்கு நீரைக் கொண்டு செல்லச் சுடுமண் குழாய்களும் அமைக்கப்பட்டிருந்தன. முற்றுகைக் காலத்தில் மலைமேலிருந்த படை தாக்குப்பிடித்ததற்குச் சுவர்களைப் போலவே சுனைகளும் களஞ்சியங்களும் காரணம். ஏரிப்பாசனத்தில் பழகிய உழவர் ஒருவர், வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, மதகு எந்த மட்டத்தில் உள்ளது, மழை மிஞ்சினால் ஏரி எந்தப் பக்கம் கோடி போகும் என்ற தம் வழக்கமான கேள்விகளோடு கோட்டைக்குள் நடந்தால், வரலாற்று மாணவர் காணாத பலவற்றைக் காண்பார். கட்டுமானக் கொத்தனார் சுண்ணச்சாந்தையும், கல்தச்சர் பாறையில் ஆப்பு அடித்துப் பிளந்த குழிகளின் வரிசையையும் அவ்வாறே படிக்கலாம். பின்னர், 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி.எஸ். ஸ்ரீனிவாசாச்சாரியின் செஞ்சி வரலாற்றைப் படிக்கும்போது, அந்நூலில் பெயர்களாக மட்டும் நிற்பவை இடங்களாக மாறும். நூலை முதலில் படித்துவிட்டு இடத்தைப் பின்னர்ப் பார்ப்பதே சரியான வரிசை என்று பலரும் சொல்வர். தொழில் அனுபவம் உள்ளவருக்கு அது தலைகீழாக இருப்பதே நல்லது.

மூன்றாம் பாடம்: கோயிலும் கூத்தும்

மேல்மலையனூர்க் கோயிலின் புற்று, பருவதராஜகுலத்தார் அங்கே வழிவழியாக நடத்திவரும் பூசை, மயானக்கொள்ளைக்குப் பின்னணியான சிவன், பிரமன் கதை ஆகியவை உள்ளூரில் எல்லாரும் அறிந்தவை. அறிந்தவை என்பதாலேயே அவற்றை எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் எழுவதில்லை. அங்காளபரமேசுவரியின் கதைகளையும் வழிபாட்டையும் பற்றிய விரிவான ஆய்வுநூலை 1986இல் எழுதியவர் எவலின் மேயர் என்ற வெளிநாட்டு அறிஞர். வடமொழி மகாபாரதத்தில் தேர்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்டபெய்டல், மேலச்சேரியையும் சுற்றியுள்ள திரௌபதி அம்மன் கோயில்களையும் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1988இல் வெளியிட்ட நூலின் முதல் தொகுதிக்குச் செஞ்சியிலிருந்து குருச்சேத்திரம் வரை என்றே துணைத்தலைப்பு இட்டார். ஏடுகளைப் படிப்பதில் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர், பகலில் பாரதம் படிப்பதையும், இரவில் கூத்தையும், இறுதியில் படுகளத்தையும் தீமிதியையும் உட்கார்ந்து பார்த்துக் கற்க முன்வந்தது பாராட்டத்தக்கது. அவ்விருவரும் கேட்ட கேள்விகளை உள்ளூர்க்காரர் கேட்பதற்குத் தடை எதுவும் இல்லை. மொழியும் உறவும் அவர்களுக்கு எளிதில் கிடைப்பவை என்பதால் அவர்கள் இன்னும் ஆழமாகச் செல்லவும் இயலும்.

தெருக்கூத்தைக் கற்பது கேட்டு எழுதுவதோடு முடிவதில்லை. அடவு எனப்படும் ஆட்ட அடிகள், மத்தளம், முகவீணை, ஆர்மோனியம், மரத்தால் செய்து கண்ணாடித்துண்டு பதித்த கிரீடமும் புயக்கட்டைகளும், கட்டியங்காரனின் வசனம் என ஒவ்வொன்றும் தனித்தனிக் கலையாகும். முப்பது வயதுக்கு மேல் ஆட்டம் பழகுவது உடலுக்குக் கடினம் என்றாலும், பின்பாட்டும் தாளமும் ஒப்பனையும் எந்த வயதிலும் பழகத்தக்கவை. கூத்து வாத்தியாரிடம் கற்பவர் அவருடைய நேரத்துக்கு உரிய தட்சணையைத் தர வேண்டும் என்பதையும், அவர் பாடியதைப் பதிவு செய்வதற்கும் வெளியிடுவதற்கும் அவரது இசைவைத் தனித்தனியே கேட்க வேண்டும் என்பதையும் இங்கு வலியுறுத்துவது அவசியம். கலைஞரின் உழைப்பை இலவசமாக வாங்கிக்கொள்ளும் ஆர்வத்துக்குக் கல்வி என்ற பெயர் தகாது.

நேரமும் செலவும்

மகாதேவனுக்கு ஆய்வுநல்கையும், பண்டிதருக்கு மருந்துக்கடை வருமானமும் இருந்தன. நிலத்தில் கூலிக்கு உழைப்பவருக்கும், சமையலும் மாட்டுத் தொழுவமும் குழந்தைகளும் தம் பொறுப்பில் உள்ள பெண்ணுக்கும் அத்தகைய ஓய்வு வாய்ப்பதில்லை என்பதை மறைத்து எழுதப்படும் வழிகாட்டி நூல்கள் பயனற்றவை. ஒரு வீட்டில் ஒருவர் கற்பதற்கு மற்றொருவர் வேலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அப்பகிர்வு பெண்ணிடமிருந்து ஆணுக்கு மட்டுமே சென்றிருக்கிறது என்பதால், இனி அது மறுபுறமும் நிகழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. நாள்தோறும் ஒரு மணி நேரம் என்ற நகரத்துத் திட்டத்தைவிட, அறுவடை முடிந்து அடுத்த பட்டம் தொடங்குவதற்கு இடைப்பட்ட வாரங்களைக் களப்பயணத்துக்கும், மழைக்காலத்து மாலைகளைப் படிப்புக்கும் ஒதுக்கும் பருவத்திட்டமே இவ்வட்டாரத்துக்கு ஏற்றது.

பணச்செலவு அஞ்சும் அளவுக்கு இல்லை. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கைப்பேசி வழியாகவே அதைப் படிக்கலாம். தூரன் ஆசிரியராகவும் கவிஞராகவும் கீர்த்தனைகள் இயற்றிய இசைவாணராகவும் வாழ்ந்தவர் என்பதால், அக்களஞ்சியமே பல துறைக் கல்வியின் விளைச்சல் எனத் தகும். முறையான பட்டம் வேண்டுவோருக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உள்ளன. ஆனால் பட்டத்தையே இலக்காகக் கொண்டால் தேர்வு முடிந்ததும் ஆர்வம் அடங்கிவிடும் அபாயம் உண்டு.

உண்மையான தேவை ஒரு குறிப்பேடுதான். அதில் தேதி, இடம், சொன்னவர் பெயர், கண்டது, கேட்டது, கற்பவரின் ஊகம் ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும். கண்டதையும் ஊகித்ததையும் ஒன்றாகக் கலந்து எழுதிய குறிப்பு சில ஆண்டுகளில் எழுதியவருக்கே பயன்படாமல் போகும். ஒவ்வொரு துறையையும் விட்டு நகர்வதற்கு முன்னர், ஊரின் ஏரி மதகுகளின் பட்டியல், கோயில் கல்வெட்டுகளின் படி, கூத்துக் கதைகளின் நிரல், மூலிகைகளின் உள்ளூர்ப் பெயர்கள் என ஏதேனும் ஒன்றைச் சிறியதாயினும் முழுமையாக முடித்து, அதன் படியொன்றை ஊர்ப்புற நூலகத்திலும் மற்றொன்றை அரசுப் பள்ளியிலும் ஒப்படைக்க வேண்டும். திருத்தங்கள் வரும், அவற்றைத் தேதியோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எழுத்தும் பாறையும் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்கும். கூத்து வாத்தியார்களும், மதகின் பெயர் தெரிந்த நீர்பாய்ச்சிகளும், மூலிகை அறிந்த பாட்டிமார்களும் அவ்வாறு காத்திருக்க இயலாது. எத்துறையை முதலில் எடுப்பது என்று தயங்கும் வாசகர், தம் ஊரில் மிக மூத்தவர் எவரோ, அவர் அறிந்த துறையிலிருந்து இவ்வாண்டே தொடங்குவாராக.